பூஜ்ஜியம் என்று குறித்தவை

நவம்பர். மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
ஓவுலு பல்கலைக்கழகத்தில் நாலாம் மாடி.
நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
எனக்கும் ஈல்மரிக்கும் ஆளுக்கொரு பென்சில்.

வேலை எளிது.
மரபணு மாற்றிய உருளைக்கிழங்கால் என்னென்ன கேடு வரக்கூடும் என்று
ஒரு துண்டறிக்கை.
அதைப் படித்தவர்கள்
மனத்தில் ஓடியதை எட்டுக் கட்டங்களில் எழுதியிருக்கிறார்கள்.
அறிக்கையின் பக்கம் சாய்ந்தால் கூட்டல்,
எதிர்த்தால் கழித்தல்,
இரண்டிலும் சேராதது பூஜ்ஜியம்.

பாதிப் பேருக்கு ஒன்பது காரணங்கள் கொடுத்தோம்,
மீதிப் பேருக்கு மூன்று.
சிலருக்குக் கீழே இயற்கை அங்காடி ஒன்றின் பச்சை முத்திரை.
சிலருக்கு ஒரு பேராசிரியரின் கையெழுத்து.
பேராசிரியர் என்று யாரும் இல்லை.
இடது கையால் நான் போட்டது.

கடைசி வரிசைக்காரர்களின் காதில் ஹெட்போன்.
படித்துக்கொண்டே, எத்தனை 'பீப்' என்று எண்ண வேண்டும்.
அவர்கள்தான் ஒன்பதுக்கு நன்றாகத் தலையாட்டினார்கள்.
'இத்தனை இருக்கிறதே'
என்று எழுதியிருந்தார் ஒருவர்.
அந்த இத்தனையில் ஒன்றுகூட
அவர் தாளில் இல்லை.

'தாள் கெட்டியாக இருக்கிறது. யாரோ பணம் போட்டிருக்கிறார்கள்.'
கழித்தல்.
'பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.'
கூட்டல். (என் இடது கை கூசியது.)
'படத்தில் கிழங்கை ஏந்தியிருப்பவர் நகத்தில் மண்ணே இல்லை.'
கழித்தல், போனால் போகிறது.
'கிழங்குக்குள் மீனின் ஜீனா? வயிற்றில் புளியைக் கரைக்கிறது.'
அறிக்கையில் மீனே கிடையாது.
எங்கிருந்தோ நீந்தி வந்து
பதினேழு தாள்களில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
'என் மச்சான் ஒரு விதைக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். நல்லவன்.'
இதற்கு நாங்கள் பத்து நிமிஷம் சண்டை போட்டோம்.
'காபி எப்போது?'
பூஜ்ஜியம்.

பிறகு எழுபத்துநாலாம் தாள்.
பெயர் வேண்டாம் என்று அச்சடித்திருந்தும்
அதன்மேலேயே எழுதியிருந்தாள்:
மார்யுக்கா ஹீட்டலா, டியூர்னவா.
அழுத்தி எழுதியதில் தாளின் முதுகு புடைத்திருந்தது.

'கூடும் என்ற சொல் பதினோரு தடவை.'
'தெரியாது என்று ஒரே ஒரு தடவை. அந்த வரியை நம்புகிறேன்.'
'கருகல் விழுந்த வருஷம் என் வயல் ஆறே நாளில் கறுத்தது.
அந்த நாற்றம் இதை எழுதியவருக்குத் தெரியாது.'
'கோடையில் ஒன்பது தடவை மருந்து அடிக்கிறேன்.
அந்தக் கையை யாரும் படம் எடுப்பதில்லை.'
'கருகாத கிழங்கு என்றால் எனக்கு வேண்டும்.
அதன் விதையை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க விடுவார்களா?
இதுதான் என் பயம். ஒன்பதில் இது இல்லை.'

இரண்டு கட்டங்கள் காலி.
கடைசியில்:
'பயமா இல்லையா, ஒன்று முதல் ஏழுக்குள் வட்டமிடு என்கிறீர்கள்.
நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.
மணி அடித்துவிட்டீர்கள்.'

ஈல்மரி மொத்தத்தையும் கூட்டல் என்றான்.
நான் கழித்தல் என்றேன்.
அவன் முட்டையைக்கூடத் திருப்பித் திருப்பி
முத்திரை பார்த்து வாங்குகிறவன்.
நான் எது மலிவோ அது.
எங்கள் எட்டுக் கட்டங்களை
யாரும் கேட்கவில்லை.

திட்டத் தலைவி சதே எட்டிப் பார்த்தாள்.
ஒத்துவராததைப் பூஜ்ஜியம் போடுங்கள்,
வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை வேண்டும் என்றாள்.
ரப்பரை எடுத்தேன்.
பென்சில் தடம் போனது,
அவள் பேனாவின் புடைப்பு
விரலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

அட்டவணையில் இப்போது
மார்யுக்கா ஹீட்டலா உட்கார்ந்திருக்கிறாள்,
காபி எப்போது என்று கேட்டவருக்கு
அடுத்த இருக்கையில்.

கேட்டவருக்கு ஒரு தகவல்:
மூன்றேகாலுக்கு வந்தது.
ஆறிப்போய்.